கதவோரமாய் இரண்டு நாற்காலி

இன்ஜினீயர் மறுபடியும் இடம் மாறி உட்கார்ந்தார். கைப்பையைத் தூக்கிக்கொண்டு அவர் மனைவியும் பின்னாலேயே வந்தாள்.

"ஏங்க, நாற்காலியில முள்ளா முளைச்சிருக்கு? முன் வரிசையில நம்ம பேரு ஒட்டி வச்சிருக்காங்க. நீங்க என்னடான்னா கதவோரமா வந்து வாட்ச்மேன் மாதிரி உட்காருறீங்க."

"இங்க காத்து நல்லா வருது."

"காத்து எங்க வருது? பெயின்ட் வாடைதான் வருது." அவள் தும்மினாள்.

"அதுக்குத்தான் வீட்டுலேயே இருன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன்."

"ஆமாமா, நாலு பேர் முன்னாடி என்னைக் காட்ட உங்களுக்குக் கூச்சம். எனக்கா தெரியாது?"

அவர் நாற்காலியை இன்னும் கொஞ்சம் கதவுப் பக்கம் நகர்த்திப் போட்டார்.

மேடையில் கட்டுமானச் சங்கத்தின் ஆண்டு விருதுகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. பெயர் அறிவித்ததும் திரையில் கட்டிடத்தின் படம் விரியும், கைதட்டல் கூரையைப் பிளக்கும். சொன்ன தேதிக்கு முன்பே முடித்த சிறந்த கட்டிடத்துக்கான பெரிய விருது மட்டும்தான் பாக்கி. எல்லோரும் ஜெயிக்க வேண்டிக்கொண்டிருந்த கூடத்தில், தோற்க வேண்டிக்கொண்ட ஒரே ஆள் அவர்தான்.

போட்டிக்கு வந்திருந்த அவர் கம்பெனிக் கட்டிடத்தின் மேல்தளத்துக்குப் போட்ட கான்கிரீட் அன்று சரியாக இறுகக்கூட இல்லை. அதற்குள் முதலாளி, தாங்கி நின்ற முட்டுகளைப் பிரிக்கச் சொல்லிவிட்டார்.

"சார், இப்ப எடுத்தா தளம் தொய்ஞ்சிடும்."

"பார்வையிட வர்ற நடுவருங்க முட்டுக்கு நடுவுல குனிஞ்சு குனிஞ்சா போவாங்க? எடுய்யா!"

எடுத்தார்கள். நடுவர்கள் நிமிர்ந்த தலையோடு நடந்து, வேகத்தைப் பார்த்து வியந்து போனார்கள். அவர்கள் போன பிறகு தளத்தின் அடிவயிற்றில் ஒரு விரிசல் தெரிந்தது. முதலில் மயிரிழை. பிறகு விரல் நகம் நுழையும் அளவுக்கு.

"பட்டி பார்த்து அடைச்சிரு. அதுக்குக் கீழ அலங்காரப் பலகை அடிச்சா எவனுக்குத் தெரியப் போகுது?" என்றார் முதலாளி. அதையும் செய்தார்கள்.

இன்ஜினீயர் கட்டிட அனுமதி அதிகாரியிடமே போய்ச் சொன்னார். அதிகாரி பொறுமையாகக் கேட்டு, முதுகில் தட்டிக்கொடுத்து அனுப்பிவைத்தார். இப்போது முன் வரிசையில் முதலாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பவரும் அதே அதிகாரிதான்.

மிச்சமிருந்தது ஒரே ஒரு நம்பிக்கை. நடுவர்களில் ஒரு அம்மா மட்டும், பலகையைக் கழற்றித் தளத்தைச் சோதிக்காமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நிற்பதாகக் கேள்வி. விருது வேறு கம்பெனிக்குப் போனால் அந்த அம்மா ஜெயித்துவிட்டார் என்று அர்த்தம். நமக்கே வந்துவிட்டால் கதை முடிந்தது. விருது வாங்கிய கட்டிடத்தைப் பிரித்துப் பார்க்க எவன் வருவான்?

ஒலிபெருக்கி 'தொம்' என்று அதிர்ந்தது. அவர் மனைவியின் கையை இறுகப் பிடித்தார்.

"என்னங்க இது, கை இப்படிச் சில்லுன்னு இருக்கு?" அவள் குரல் இளகியது. "பரிசு வந்தா வரட்டும், வராட்டி போகட்டும். இதுக்காகத் தலையா போயிடும்?"

"வா, வீட்டுக்குப் போயிடலாம். எனக்கு நெஞ்சு ஒரு மாதிரி படபடங்குது."

அவள் பதறி எழுந்தாள். அதற்குள் முதலாளி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அவர்களிடமே வந்துவிட்டார்.

"என்னய்யா இது, மாப்பிள்ளை பந்தலுக்கு வெளியே நிக்கிறான்! அம்மா, நீங்க முன்னாடி வாங்க. இவரு இல்லேன்னா இந்தக் கம்பெனியே இல்ல, தெரியுமா?"

"இவருக்கு நெஞ்சு படபடங்குதாம் சார்."

"பின்ன? பெரிய விருதுன்னா சும்மாவா! எனக்கும்தான் படபடங்குது."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. பயந்தாங்கொள்ளி என்பதுபோல் கணவனைச் செல்லமாகப் பார்த்துவிட்டு, முதலாளியின் பின்னால் நடந்தாள். இன்ஜினீயர் ஓடிப்போய் முதலாளியின் காதோரம் குனிந்தார்.

"சார், அந்த விரிசல்..."

"மூச்!" முதலாளி சிரிப்பு மாறாமல் பல்லைக் கடித்தார். "இன்னைக்குமா?"

அங்கேயே நின்று கத்திவிடலாமா என்று தோன்றியது. கத்தினால் பைத்தியம் என்பார்கள். முதலாளியின் அறையில் ஏற்கெனவே ஒருமுறை அப்படித்தான் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினார்கள். மனைவி முன் வரிசையின் நட்டநடுவே உட்கார்ந்துகொண்டு, பக்கத்து நாற்காலியைத் தட்டிக் காட்டினாள். அவர் போய் உட்கார்ந்தார். வேறென்ன செய்ய முடியும்?

"இந்த வருஷத்தோட தலைசிறந்த கட்டிடம்..." தொகுப்பாளர் உறையைப் பிரித்து, முதலாளியின் கம்பெனி பெயரை இழுத்து இழுத்துப் படித்தார்.

கூடம் முழுவதும் எழுந்து நின்று ஆரவாரித்தது. மனைவி துள்ளிக் குதித்துக் கைதட்டினாள். இன்ஜினீயர் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

திரை வெறுமையாகவே இருந்தது. தொகுப்பாளர் சிரித்தார்.

"படத்தைக் காணோமேன்னு பார்க்கிறீங்களா? படம் எதுக்குங்க? எல்லாரும் அண்ணாந்து பாருங்க, அந்தக் கட்டிடத்துக்குள்ளதானே நிக்கிறீங்க!"