காது மடலில் ஒரு சொட்டு

குப்பியைக் கவிழ்த்தாள். ஒன்றும் விழவில்லை.

உள்ளங்கையில் ஒரு தட்டுத் தட்டினாள். அப்போதும் இல்லை.

ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தாள். உள்ளே அத்தர் வெள்ளையாக உறைந்து கிடந்தது.

அத்தர் உறையுமா?

இருபத்தெட்டு வருசமாகத் தை மாதக் குளிரைப் பார்த்த குப்பி. அவளுடைய நிக்காஹ் அன்று அவளைப் பெற்ற அத்தா அவள் காது மடலில் ஒரு சொட்டுத் தொட்டு வைத்துவிட்டு, கையில் கொடுத்தது. ஊது என்னும் அகிலும் சந்தனமும் அவரே கலந்தது. ஒரு நாளும் உறைந்ததில்லை.

இந்தக் கம்பம் ஊர்க் குளிரில் இப்படி உறைவது வேறொன்று. காலையில் அடுப்போரம் வைத்து உருக்கித்தான் தலையில் தேய்த்தாள்.

தேங்காய் எண்ணெய்.

குப்பியை மூக்கில் வைத்தாள். வைத்து என்ன ஆகப் போகிறது?

மூன்று வருசத்துக்கு முன்னால் வந்த காய்ச்சல் அவள் மூக்கை வாரிக்கொண்டு போயிருந்தது. குழம்பு தீய்வது தெரியாது. பால் திரிந்தது தெரியாது. யாரிடமும் மூச்சு விடவில்லை. மூடியைத் திறந்ததுமே அத்தரின் பெயரைச் சொல்லிவிடும் மனுசருடைய மகள் அவள். கல்யாண வீடுகளில், உன் கையால் ஒரு சொட்டு வை என்று காதைக் காட்டிக்கொண்டு வருவார்கள். மூக்கு போச்சு என்று எந்த வாயால் சொல்வாள்? கண்ணை மூடி ஓர் "ஆஹா" போட்டுச் சமாளித்தாள். தான் பெரிய கெட்டிக்காரி என்று நினைப்பு.

ரமீஜாவிடம்கூடச் சொல்லவில்லை.

ரமீஜாவுக்குத் தெரிந்திருக்கிறது.

ஒரே மகள். இன்று மணப்பெண். ஐந்து வயதில், கண்ணைக் கட்டிவிட்டாலும் இது சந்தனம், இது ஊது, இது கடைச் சரக்கு என்று பிரித்துச் சொன்னவள். என்னையே மிஞ்சிட்டா என்று இவள் தெருத் தெருவாகப் பீற்றிக்கொள்ளவில்லையா?

குப்பியை எப்போதும் ரமீஜாதான் எடுத்து வந்து கொடுப்பாள். உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டு வருவாள். அடடா, என்ன பவ்வியம்! இன்று மகள் கையெல்லாம் மருதாணி. அதனால்தான் இவளே பீரோவைத் திறந்தாள்.

பொத்தியது எதற்கென்று இப்போது விளங்கியது.

எத்தனை கல்யாணத்துக்குத் தொட்டு வைத்தும் அத்தர் ஏன் குறையவே இல்லை என்பதும் விளங்கியது. அல்லாஹ்வின் பரக்கத்து என்று நினைத்துப் பூரித்துப் போனாளே, பைத்தியக்காரி.

மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிற சூட்கேஸ் கட்டிலடியில் இருந்தது. இழுத்துத் திறந்தாள். பட்டுப் புடவைகளுக்கு நடுவே ஒரு கைக்குட்டைச் சுருள். அதற்குள் பழைய மருந்து பாட்டில் ஒன்று. தேன் நிறம். சாய்த்தால் ஓடியது.

மோந்தாள். திரும்பத் திரும்ப மோந்தாள்.

அத்தா எங்கேயும் இல்லை.

கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டாளா? கொடுக்கத்தானே இத்தனை வருசம் சொட்டுச் சொட்டாகக் காப்பாற்றினாள்? இன்னும் அரை மணி நேரத்தில் தன் கையாலேயே கொடுத்திருப்பாளே. அதுவரை பொறுக்கவில்லையா?

எடுத்துக்கொண்டதையாவது விடலாம். சபை சபையாக இவளைத் தேங்காய் எண்ணெய் தொட்டு வைக்க விட்டு, தான் அத்தரைப் பூசிக்கொண்டு பக்கத்திலேயே மணக்க மணக்க நின்றாளே. உங்கம்மா வந்தாலே வாசம்தான் என்று அவர்கள் சொன்னபோது, ஆமா என்று சிரித்தாளே. பெற்ற மகள். பாவி மகள்.

கூடத்திலிருந்து நாத்தனார் கூப்பிட்டாள். நிக்காஹ் ஓதி வைக்கிற ஹஜரத் வந்துவிட்டாராம்.

மருந்து பாட்டிலைக் கைக்குட்டையில் முன்போலவே சுருட்டினாள். இருந்த இடத்தில் வைத்தாள். சூட்கேஸை மூடினாள்.

குப்பியை உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டாள்.

இளகும்வரை அங்கேயே நின்றாள்.

ரமீஜா பாயில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் பெண்கள். இவள் குனிந்து மகளின் முக்காட்டை விலக்கினாள். வலது காது மடலில் ஒரு சொட்டு. இடது காது மடலில் ஒரு சொட்டு. கொஞ்சம் கழுத்தில் வழிந்தது.

ரமீஜா கண்ணை மூடி, மூச்சை நெஞ்சு நிறைய இழுத்தாள்.

"ஆஹா" என்றாள்.

வேறு யாரிடம் படித்திருப்பாள்?

அவள் குப்பியை மகளின் மருதாணிக் கையில் வைத்தாள். ஒவ்வொரு விரலாக மடக்கி மூடிவிட்டாள்.

"குளிர்ல மட்டும் வச்சுராத, ரமீ. ஒறஞ்சு போயிரும்."

சுற்றி இருந்தவர்கள் மாஷா அல்லாஹ் என்றார்கள்.

ரமீஜா மூடிய கண்ணைத் திறக்கவில்லை.