பெரிய ராணியின் இரவுச் சாப்பாடு

பெரிய ராணி காலமான பிறகும் அவருக்கு இரண்டு வேளைச் சாப்பாடு போய்க்கொண்டிருந்தது. மூன்று வருடத் துக்கம் முடியும்வரை சியோல் அரண்மனையில் அதுதான் வழக்கம். நாடே ஜப்பான்காரன் கைக்குப் போய்விட்டது. சாப்பாட்டு வேளை மட்டும் மாறவில்லை. அவருடைய அறையில் படையலை வைத்துக் கதவைச் சாத்துவார்கள். சற்று நேரம் கழித்து, உள்ளே இருப்பவர் திடுக்கிடாமலிருக்க, ஒருமுறை இருமிவிட்டுத் திறப்பார்கள். சாப்பாட்டில் சூடு மட்டும்தான் குறைந்திருக்கும். அதைத்தான் சமையல்கட்டுப் பெண்கள் சாப்பிடுவார்கள். அவர்களுக்கு வேறு சாப்பாடு கிடையாது.

டோக்கியோ கொடுத்த பதக்கங்களை மாட்டிக்கொண்டு, அரண்மனைச் செலவில் சிக்கனம் பண்ண யுன் பிரபு வந்தார்.

"செத்தவங்களுக்கு எதுக்கு பன்னிரண்டு கறி? மூணு போதும்."

"அப்ப நாங்க என்னத்தைச் சாப்பிடறது பிரபு?" என்றாள் சமையல்காரி ஒக்சிம்.

"மிச்சத்தைத்தான்."

அன்று மாலை மூன்று கறி போனது. கதவு திறக்கும் கௌரவத்தைப் பிரபு தானே எடுத்துக்கொண்டார். பதக்கங்கள் குலுங்க இருமினார்.

உள்ளிருந்து பதிலுக்கு ஒரு இருமல் வந்தது.

"இன்னும் முடிக்கல. கொஞ்சம் பொறுங்க," என்றாள் ஒக்சிம்.

பிரபு பொறுத்தார். பிறகு மிகப் பணிவாக இருமினார். பதில் வரவில்லை. திறந்து பார்த்தால் மூன்று கிண்ணங்களும் வழித்த மாதிரி காலி.

"மிச்சம் எங்க பிரபு?" என்றாள் ஒக்சிம்.

மறுநாள் பன்னிரண்டு கறியும் உள்ளே போயின. தொடாமல் திரும்பி வந்தன. பெண்கள் வயிறாரச் சாப்பிட்டார்கள்.

பிரபு இப்போது தன் வீட்டுச் சாப்பாட்டு அறைக்குள்ளும் இருமிவிட்டுத்தான் நுழைகிறார். சில நாள் வாசலிலேயே பொறுக்க வேண்டியிருக்கிறதாம்.