முகப்பலகை

குழந்தைகள் மனநல வார்டின் வாசலில் சிரிப்பு, அழுகை, கோபம், பயம் என்று நான்கு முகங்கள் வரைந்த பலகை ஒன்று உண்டு. பிள்ளைகள் தினமும் தங்கள் பெயர் எழுதிய துணி கிளிப்பை அன்றைய முகத்தில் மாட்டுவார்கள். ஊழியர்களின் கிளிப்புகள் மட்டும் வருடக்கணக்காகச் சிரிப்பிலேயே இருந்தன. வேலைக்குச் சேர்ந்த அன்று மதுவந்தி தன்னுடையதைப் பயத்தின் பக்கம் கொண்டுபோனாள். "பிள்ளைங்க பாக்குதுல்ல, சிரிப்புலயே மாட்டிரும்மா" என்றார் எஸ்தர் சிஸ்டர்.

இன்று காலை, வார்டில் யாரிடமும் பேசாத சிறுமி ஹசீனா அந்தப் பலகை முன் நின்றிருந்தாள். சிஸ்டரின் கிளிப் அழுகைக்குப் போயிருந்தது. பெரிய டாக்டருடையது பயத்தில் தொங்கியது.

"இத யாரு இவகிட்ட விட்டது?" என்றார் சிஸ்டர். ஆனால் தன் கிளிப்பைத் தொடவில்லை.

டாக்டர் வந்து பார்த்தார். கையை நீட்டினார். எடுத்துவிடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவரோ கோணலாக இருந்த தன் கிளிப்பை நிமிர்த்தி, அதே பயத்தில் அழுத்தி மாட்டிவிட்டு ரவுண்ட்ஸ் போனார்.

மதுவந்தி ஆவலோடு தன் பெயரைத் தேடினாள். எந்த முகத்திலும் இல்லை. அது ஹசீனாவின் கையில் இருந்தது. சிறுமி அவள் முகத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தன் முகத்தில் இருந்த சிரிப்பை என்ன செய்வதென்று மதுவந்திக்குத் தெரியவில்லை.