மஞ்சள் கேள்விக்குறி

"கேமரா வந்துருமா தம்பி?"

சீனித்தாய் மறுபடியும் கேட்டாள்.

"வராம எங்க போகும்? இருங்கம்மா, மொதல்ல சவுண்டு வரட்டும்" என்றான் செண்பகராஜ், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கோவில்பட்டியில் யார் வீட்டுக் கம்ப்யூட்டர் படுத்தாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை என்றும் பார்க்காமல் வந்திருந்தான். விண்டோஸ் 98-ஐ எடுத்துவிட்டு எக்ஸ்பி போடும் வேலை. பழையதில் புது மெசஞ்சர் ஓடாது, மாற்றிவிடுங்கள் என்று மஸ்கட்டிலிருந்து மருமகன் சொல்லியிருந்தார்.

எக்ஸ்பி ஏறிவிட்டது. ஆனால் அதற்குப் பழைய சாமான் எதையும் அடையாளம் தெரியவில்லை. ஒவ்வொன்றுக்கும் உரிய டிரைவர் மென்பொருளைப் போட்டு அறிமுகம் செய்துவைக்க வேண்டியிருந்தது. அதுவரை பட்டியலில் அதனதன் பக்கத்தில் ஒரு மஞ்சள் கேள்விக்குறி.

சவுண்டு கார்டின் கேள்விக்குறி மறைந்தது. ஸ்பீக்கர் கணீரென்றது.

சீனித்தாய் எழுந்துபோய் உள்ளறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

மோடத்தின் கேள்விக்குறியும் போனது.

மிச்சம் கேமரா. போன தடவை ஊருக்கு வந்தபோது மகள் பானு மாட்டிவிட்டுப் போனது. அதன் சிடியைப் போட்டான். 98-க்கு மட்டும்தான் என்றது.

"இது வரலன்னா பேச்சு மட்டும் கேக்குமோ?"

"பேச்சு மட்டும் கேட்டு என்னம்மா செய்ய? அக்கா ஒங்க மொகத்தப் பாக்கண்டாமா?"

மேஜை ஃபேன் சுற்றிச் சுற்றி வெக்கையைத்தான் வாரி இறைத்தது. அந்த வெக்கையிலும் சீனித்தாய் முந்தானையைத் தலையோடு இழுத்துப் போர்த்தியிருந்தாள்.

பானு ஏழு மாசக் கர்ப்பம் என்று, அவன் வந்ததுமே சொல்லியிருந்தாள். பெற்றவள் கிடந்து தவிக்கிறாள் என்று செண்பகராஜுக்கு இரக்கமாக இருந்தது. கேமராவைப் புரட்டி அடியில் இருந்த நம்பரைப் பார்த்தான். அதற்கான எக்ஸ்பி டிரைவரை இன்டர்நெட்டில் தேடிப் பிடித்தான். அது இறங்கி முடிப்பதற்குள் ஒரு சொம்பு மோர் காலியானது.

கடைசிக் கேள்விக்குறியும் மறைந்தது.

"வந்துட்டும்மா! இங்கன வந்து உக்காருங்க."

திரையில் அவள் முகம் தெரிந்தது. அந்நேரம் பார்த்து ஃபேன் இந்தப் பக்கம் திரும்ப, முந்தானை நழுவியது.

மொட்டைத் தலை.

"இருக்கன்குடி ஆத்தாளுக்கு நேந்தது" என்றாள், சாத்திய கதவைப் பார்த்தபடி, குரலைத் தணித்து. "பானு அப்பாவுக்கு மதுரைல நெஞ்சத் தொறந்து ஆபரேசன். பொழச்சு வந்து உள்ள படுத்திருக்காவ, முடி எறக்கிட்டேன். பிள்ளத்தாச்சிகிட்ட எதையும் சொல்லல தம்பி. இந்தத் தலையப் பாத்தா, யாருக்கு என்னாச்சுன்னு கேக்காம விடுவாளா?"

செண்பகராஜும் அந்தக் கதவைத் திரும்பிப் பார்த்தான்.

பிறகு மவுஸை நகர்த்தி, இவ்வளவு பாடுபட்டு ஏற்றிய டிரைவரை நீக்கினான். மஞ்சள் கேள்விக்குறி தன் இடத்துக்குத் திரும்பி வந்தது.

பானு கூப்பிட்டபோது அவனே முந்திக்கொண்டான்.

"அக்கா, இது பழைய கேமரா. எக்ஸ்பிக்கு டிரைவர் கெடைக்கல."

அப்படி ஒரு வார்த்தையை அவன் அதுவரை எந்த வீட்டிலும் சொன்னதில்லை.

"நல்ல ஆளக் கூப்பிட்ட போ" என்று ஸ்பீக்கரில் சலித்துக்கொண்டாள் பானு. "அப்பா எங்கம்மா?"

"வத்தல் கடைக்குப் போயிருக்காவ."

"ஞாயித்துக்கெழமயுமா?"

"லோடு வந்துட்டாம் தாயி."

"ஒன்னப் பாக்கலாம்னு எம்புட்டு ஆசையா இருந்தேன். சரி, தலைக்கு என்ன பூ வச்சிருக்க?"

சீனித்தாய் உள்ளங்கையால் தலையை ஒருதரம் தடவிக்கொண்டாள்.

"பிச்சி" என்றாள். "நெறைய."