வீட்டுக்கு வளர்த்த கோழி

"ரிசல்ட் வந்துடுச்சுங்க. உங்க கோழியில தடை பண்ணின மருந்து இருக்கு."

ஆய்வாளர் போனில் இதைச் சொன்னதும் பண்ணைக்காரருக்குச் சிரிப்புதான் வந்தது. இருக்க வாய்ப்பே இல்லை என்று அவருக்குத் தெரியும்.

ஷெட்டில் இருக்கும் எட்டாயிரம் கோழிகளுக்கும் அந்த மருந்தைத் தீவனத்தில் கலந்துதான் போட்டுக்கொண்டிருந்தார். ஆனால் ஆய்வாளர் சாம்பிள் எடுக்க வந்த அன்று, வெளியாள் நுழைந்தால் நோய் தொற்றிவிடும் என்று அவரை வாசலிலேயே நிறுத்திவிட்டார். தானே பின்பக்கமாகப் போய் ஆறு கோழி பிடித்து வந்து கொடுத்தார். எல்லாம் வீட்டுச் சமையலுக்கென்று தனிக் கூண்டில், மருந்தில்லாத தீவனம் போட்டு வளர்த்தவை. மனுஷன் அவ்வளவு உஷார்.

"இன்னொரு தடவை பாருங்க சார்."

"ரெண்டு தடவை பார்த்தாச்சு. இந்த மருந்து ரத்தத்துல நிக்காது. ஆனா உடம்புக்குள்ள வேற ஒண்ணா மாறி ஈரல்ல ஒட்டிக்கும். வேக வெச்சாலும் போகாது. ஆறு கோழியோட ஈரல்லயும் அது இருக்கு. நாளைக்கு ஷெட்டுக்கு சீல் வைக்க வர்றோம்."

சீல் என்றது அவர் காதில் ஏறவே இல்லை. ஈரல் என்ற இடத்திலேயே உறைந்துபோனார்.

அவருடைய மகளுக்கு இது ஆறாம் மாதம். உடம்பில் ரத்தம் பத்தவில்லை என்று வாரத்துக்கு நாலு நாள் ஈரல்தான். அந்தக் கூண்டுக் கோழியை அறுத்துக் கொடுப்பதே அவர்தான்.

போனைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சமையலறைக்கு ஓடினார். மகள் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். பிடுங்கினார்.

"என்னாச்சுப்பா?"

இதுவரை எத்தனை தட்டு உள்ளே போயிருக்கும் என்று எண்ணிப் பார்த்தார்.

பதினோரு வருஷமாகக் கோழிகளுக்குத் தீவனம் போடும் வேலைக்கார அக்காமேல் சந்தேகம் போயிற்று. போன மாதம் லீவு கேட்டவளை நாலு பேர் முன்னால் திட்டியிருந்தார். அந்த வஞ்சத்தை இப்படித் தீர்த்துக்கொண்டாளா?

கூண்டருகே நின்றவளிடம் போனார்.

"உண்மையைச் சொல்லுங்க. வீட்டுக் கோழிக்கு என்ன தீவனம் போடுறீங்க?"

அவள் முகம் வெளிறிவிட்டது.

"கோவிச்சுக்காதீங்க முதலாளி. ஷெட்டு மூட்டையிலருந்துதான் அள்ளிப் போடுறேன். ரெண்டு மாசமா."

"அதுல என்ன கலந்திருக்குன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியுமே. என்ன பொடின்னு கேட்டதுக்கு சத்து மருந்துன்னு நீங்கதானே சொன்னீங்க. யாரோ திங்கிற கோழிக்கே அவ்வளவு சத்து போடுறீங்க. வயித்துப் பிள்ளையோட நம்ம பாப்பா சாப்பிடுற கோழிக்கு வெறும் தீவனத்தைப் போட எனக்கு மனசு வரல."