மொத்தமும் வைத்திருந்தவன்

"மொத்தமும் இவன் ஒருத்தன்கிட்டதான் மேடம் இருக்கு. உங்க கண்ணாலயே பாத்துக்கோங்க." குதைபாவின் லேப்டாப்பை வெடுக்கென்று இழுத்து நுஹா மேடத்தின் பக்கம் திருப்பினான் உடன் வேலை செய்யும் ஹைதம்.

திரையில் ஃபோல்டர்கள் முடிவில்லாமல் நீண்டன. மருந்துக்கடைகளுக்காக அந்த நிறுவனம் வருடக்கணக்கில் எழுதிச் சேர்த்த மென்பொருள் நிரல் அத்தனையும் அதில் இருந்தது. இல்லை என்று சொல்லக் குதைபாவுக்கு வழியில்லை.

அம்மான் நகரில் ஒரு செய்தி ஊர் சுற்ற அதிக நேரம் பிடிக்காது. தங்கள் நிரல் போட்டி நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டது என்று காலையில் யாரோ கிசுகிசுத்தார்கள். முதல் டீ முடிவதற்குள் அது 'மொத்தமும் போச்சாம்' என்று ஆகிவிட்டது. கூடவே குதைபாவின் பெயரும் அடிபட ஆரம்பித்தது.

அதற்குக் காரணமும் இருந்தது. நிரல் பெருத்துப் போய், முழுவதையும் இறக்கினால் கணினிகள் திணறின. பொதுக் களஞ்சியத்திலிருந்து அவரவர் வேலைக்கு வேண்டிய ஃபோல்டர்களை மட்டும் இறக்கிக்கொண்டால் போதும் என்று போன வருடமே முடிவு செய்தார்கள். எல்லோரும் கேட்டார்கள், குதைபா மட்டும் கேட்கவில்லை.

"உன் வேலை டெலிவரிக் கணக்கு. அதுக்கு எதுக்குடா மொத்தக் கோடிங்கும்?" என்றான் ஹைதம்.

"என் பக்கம் ஒரு வரியை மாத்தினா அடுத்தவன் பக்கம் எங்க உடையுதுன்னு பாக்க வேணாமா? என் துண்டு ஓடினாப் போதும், எவன் எக்கேடு கெட்டா என்னன்னு உன்னை மாதிரி என்னால இருக்க முடியாது."

"அடேங்கப்பா, ஊருக்கே காவல்காரரு. பாத்தீங்களா மேடம், சாவிக்கொத்து முழுக்க இவர் இடுப்புலதான் தொங்குது."

அந்த நிறுவனத்தைத் தொடங்கியவர் நுஹா மேடம்தான். கோபம் வந்தால் கத்துவார், அது எல்லோருக்கும் பழக்கம். இன்று கத்தாமல் உட்கார்ந்திருந்ததுதான் குதைபாவுக்குப் பயமாக இருந்தது.

அவன் டமாஸ்கஸிலிருந்து எல்லை தாண்டி வந்தவன். இந்த வேலை போனால் வேலை அனுமதியும் போகும். திருடன் என்ற பட்டத்தோடு வெளியே போனால், வேறு எந்த நிறுவனமும் வாசலில்கூட நிற்க விடாது.

"வந்த இடத்துல வாலைச் சுருட்டிட்டு இருக்கத் தெரியணும்," என்றான் ஹைதம். "சோறு போட்ட கம்பெனிக்கே வேட்டு வச்சிட்டியே."

"வார்த்தையை அளந்து பேசு, ஹைதம்."

"நான் எதுக்குடா அளக்கணும்? விதியை மீறினது நீ. மேடம், இந்தாங்க, என் மெஷினையும் பாருங்க." ஹைதம் தன் லேப்டாப்பையும் திறந்து மேஜையில் வைத்தான். "சலுகை, ரசீது, நோன்பு மாச நேரம். என் வேலைக்கு எது வேணுமோ அந்த மூணு ஃபோல்டர் மட்டும்தான். இந்த மூணை மட்டும் சேத்து வச்சிருக்கிறவன் இந்த ஆபீஸ்ல நான் ஒருத்தன்தான். அடுத்தவன் பங்கை எட்டிக்கூடப் பாத்ததில்ல."

"வேற எதையும் நீ இறக்கினதே இல்லையா?" மேடம் முதல்முறையாக வாயைத் திறந்தார்.

"சத்தியமா இல்ல மேடம். யார்கிட்ட வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. போனது மொத்தமும்னா, மொத்தமும் வச்சிருந்தவன்தானே குடுத்திருக்கணும்? இதைக் கண்டுபிடிக்கப் போலீஸா வரணும்?"

மேடம் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பைப் பார்த்ததும் குதைபாவுக்கு இருந்த நம்பிக்கையும் விட்டுப் போயிற்று. கழுத்தில் கிடந்த அடையாள அட்டையைக் கழற்றி மேஜையில் விட்டெறிந்தான்.

"போதும் மேடம். மொத்தமும் வச்சிருந்தேன், நிஜம். விதியை மீறினேன், அதுவும் நிஜம். ஆனா ஒரு வரியைக்கூட வெளிய குடுக்கல. நம்பினா நம்புங்க, இல்லன்னா போலீஸைக் கூப்பிடுங்க."

"மாட்டிக்கிட்ட எல்லாரும் சொல்ற வசனம்தான்," என்று ஹைதம் சிரித்தான். "லேப்டாப்பை விட்டுட்டுக் கெளம்பு தம்பி. எல்லைக்குப் போற பஸ் உனக்குத் தெரியாததா என்ன?"

குதைபா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். அவன் கை ஹைதமின் சட்டைக் காலர் வரை போய்விட்டது.

"உக்காரு குதைபா," என்றார் மேடம். "அட்டையை எடுத்து மாட்டிக்கோ."

"மேடம், என்ன சொல்றீங்க? இவன்தான்னு இவ்வளவு தெளிவா..."

மேடம் இழுப்பறையைத் திறந்து ஒரு பென் டிரைவை எடுத்தார். "அந்தப் போட்டிக் கம்பெனில வேலை பாத்த பொண்ணு ஒருத்தி. திருட்டுக் கோடிங்கை வச்சு வேலை செய்யப் பிடிக்கலைன்னு விலகிட்டா. அவங்களுக்கு நம்ம ஆபீஸ்லேருந்து வந்தது என்னவோ, அதை அப்படியே என்கிட்ட கொண்டுவந்து குடுத்துட்டா. நேத்து ராத்திரியே திறந்து பாத்துட்டேன்."

மேடம் பென் டிரைவைத் தன் கணினியில் செருகித் திரையை ஹைதம் பக்கம் திருப்பினார்.

"சலுகை, ரசீது, நோன்பு மாச நேரம். இந்த மூணைத் தவிர இதுல வேற ஒண்ணுமே இல்ல, ஹைதம்."