ஐந்துக்கு ஐந்து

“கதவு, தேங்காய், ஊசி, மழை, குதிரை. திருப்பிச் சொல்லும் தம்பி.”

அவன் சொன்னான். ஐந்தும் சரி.

அணி மருத்துவரான அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். தலையில் அடிபட்டவரைச் சோதிக்கப் பத்து நிமிடம். மருத்துவர் சரி என்றால் ஆட்டத்துக்குத் திரும்பலாம். இல்லையென்றால் அன்றைக்கு அவ்வளவுதான்.

வெளியே மைதானம் இரைந்தது.

கோடையின் மூன்றாவது டெஸ்ட். ரக்பியில் இரண்டு நாடுகள் மோதும் ஆட்டத்துக்கு அந்தப் பெயர். முதல் இரண்டில் ஆளுக்கொன்று வென்றிருந்தார்கள். இது கடைசி.

அவன் லோகேந்திரன். பொகவந்தலாவையில் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவன். நாட்டு அணியில் ஒரே தமிழன்.

சற்று முன், எதிரணிக்காரன் ஒருவனை இடுப்பில் பிடித்துச் சாய்க்கப் பாய்ந்தபோது அவனுடைய முழங்கால் இவன் நெற்றியில் இடித்தது.

விழுந்தான். எழுந்தான்.

எழுந்து எதிரணியின் வரிசையில் போய் நின்றான்.

இரண்டு நொடிதான். பிறகு யாரோ தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டார்கள். கோட்டுக்கு வெளியே நின்ற அவள் அதைப் பார்த்தாள். அவனை வெளியே அனுப்ப அதுவே போதும்.

இருந்தும் அறைக்கு அழைத்து வந்து சோதனையைத் தொடங்கினாள்.

ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னாள். நின்றான். மாதங்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னாள். தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தான்.

“முதல்ல சொன்ன அந்த ஐஞ்சு சொல்லையும் இப்ப சொல்லும்.”

“கதவு.”

“ம்.”

“கதவு... ஊசி.”

அவள் காத்திருந்தாள்.

“டொக்டர், என்னைய வெளிய அனுப்பிராதீங்க. ஒம்பது வருசமா இதுக்குத்தான் ஓடுனேன். லயத்து வீடுகள்ல எல்லாரும் டீவி முன்னாடி ஒக்காந்திருக்காங்க. என் சம்சாரம் வந்திருக்கு.”

வாசலில் அணி மேலாளர் நின்றிருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. அவர் எதையும் கேட்கவில்லை. யாரும் அவளை மிரட்டவில்லை.

வீரர்களின் பட்டியலில் முதன்முதலாக ஒரு தமிழ்ப் பெயரைப் பார்த்த அன்று அதைப் படமெடுத்து யாழ்ப்பாணத்திலிருந்த அக்காவுக்கு அனுப்பியவள் அவள். தன் கையாலேயே அந்தப் பெயரை எப்படி வெட்டுவது?

“தென்னையில என்ன காய்க்கிறது?” என்று கேட்டாள்.

அவன் நிமிர்ந்தான்.

“தேங்காய்.”

“வானத்தில இருந்து என்ன பெய்யிறது?”

“மழை.”

“நுவரெலியாவில பந்தயம் ஓடுறது?”

“குதிரை!”

வகுப்பில் சரியான பதில் சொன்ன பிள்ளையைப்போல அவன் முகம் மலர்ந்தது.

அவள் படிவத்தில் ஐந்துக்கு ஐந்து என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

ஆட்டம் முடிய ஒன்பது நிமிடம் இருந்தபோது, மூன்று பேர் மேலே தொங்க, லோகேந்திரன் பந்தோடு எல்லைக் கோட்டுக்கு அப்பால் விழுந்தான். ‘ட்ரை’. ஐந்து புள்ளி. ஒலிபெருக்கி அவன் பெயரைத் தப்பும் தவறுமாகச் சொன்னது. மைதானம் அதைத் திருப்பிச் சொன்னது.

அவளும் எழுந்து கைதட்டினாள்.

பின்னாளில் அவளை அதிகம் உறுத்தியது அந்தக் கைதட்டல்தான்.

வென்றார்கள். கோப்பையோடு படம் எடுத்து முடிந்தபின், சிவப்புச் சேலை கட்டிய ஒரு பெண் மருத்துவ அறைக்கு வந்தாள். லோகேந்திரனின் மனைவி நிஷாந்தினி. அவள் கைகூப்பினாள்.

“மேனேஜர் சொன்னாருங்க. நீங்கதான் இவர திரும்ப வெளையாட விட்டீங்களாம். ஒங்கள மறக்க மாட்டோம் டொக்டர்.”

போகத் திரும்பியவள் நின்றாள்.

“ஒண்ணு கேக்கலாங்களா? அந்த ட்ரைய எப்பிடிப் போட்டேன்னு என்கிட்டயே கேட்டுக்கிட்டு இருக்காரு. மூணு தடவ சொல்லிட்டேன். சந்தோசத்துல அப்பிடி ஆகுமா?”

அவளுக்குப் பின்னால் அவன் சிரித்தபடி நின்றான். ஒரு காலில் மட்டும் சப்பாத்து இருந்தது.

மருத்துவர் தன் காரிலேயே அவர்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். வழியில் அவன் இரண்டு முறை வாந்தி எடுத்தான். “வெயில்ல ஓடுனதுங்க, வேற ஒண்ணுமில்ல,” என்று நிஷாந்தினி அவன் வாயைத் துடைத்துவிட்டாள்.

ஸ்கேன் எடுத்தார்கள். ஆறரை மணிக்கு ஓர் இளம் மருத்துவர் வெளியே வந்து ஆங்கிலத்தில் பேசினார். மூளையோரம் இரத்தக் கசிவு. நேரத்தோடு வந்ததால் உயிருக்குப் பயமில்லை. இனி ரக்பி விளையாட முடியாது.

பிறகு கேட்டார். “மைதானத்தில் சோதித்தார்களா?”

“சோதித்தது நான்தான்.”

“எத்தனை சொல் சொன்னார்?”

“இரண்டு.”

அவர் எழுதுவதை நிறுத்தி அவளைப் பார்த்தார். வயதில் தன்னைவிட மூத்தவளிடம் அதற்குமேல் கேட்க அவருக்குக் கூச்சமாக இருந்திருக்க வேண்டும். உள்ளே போய்விட்டார்.

“என்னங்க டொக்டர் சொல்றாரு?”

“உயிருக்கு ஒண்டும் இல்லை. ஆனா இனி விளையாட ஏலாது.”

நிஷாந்தினி அழவில்லை. சுவரோரம் இருந்த வாங்கில் உட்கார்ந்தாள். மருத்துவரின் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

“உசிரு இருக்குல்ல, அது போதும். நல்லவேள, நீங்க இருந்தீங்க.”

மருத்துவரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அந்தக் கையைத்தான் பார்த்தாள். தேயிலைக் கறை படிந்த விரல்கள்.

சும்மா இருந்தால் இந்தப் பெண்ணுக்கு என்றைக்கும் தெரியவராது.

“தங்கச்சி,” என்றாள். “அவர் ஐஞ்சு சொல்லும் சொல்லேல்லை.”

“என்னங்க?”

அவள் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.

நிஷாந்தினி இன்னும் அவள் கையை விடவில்லை.